மிலெம்பே அண்ணியின் பல்லும் நெஞ்சும்

என் அண்ணன் லுஷிங்கே ஏரியில் மூழ்கிச் செத்துப்போன வருஷம், அவன் மனைவி மிலெம்பேயும் சீக்கிரம் போய்விடுவாள் என்று எங்கள் இகோம்பே மீனவர் கரை முழுக்க முடிவு செய்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. புருஷன் இல்லாமல் இருக்க முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாக அவன் பின்னாலேயே போகிறாள் என்று மரியாதையோடுதான் சொன்னார்கள். சர்ச்சில் பாட்டுக்குழுவை நடத்தும் நிகோதேமு அதை வைத்து ஒரு பாட்டே கட்டிவிட்டார்.

அண்ணியை அந்தக் கரையில் தெரியாதவர்கள் கிடையாது. வலை தைப்பவள். எந்தப் படகின் வலை கிழிந்தாலும் அவள் முற்றத்துக்குத்தான் வரும். நாங்களெல்லாம் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் முடிச்சைப் போட்டு, நைலான் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த கண்ணிக்குப் போயிருப்பாள். முன்பல் இரண்டில் நூல் அறுத்து அறுத்தே சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. அண்ணன் அதைச் சொல்லிச் சிரிப்பான். "என் பொண்டாட்டி கோபத்துல கடிச்சா ரெண்டு இடத்துல மட்டும் வலிக்காது" என்பான். அண்ணியும் சிரிப்பாள். நன்றாகச் சத்தம் போட்டுச் சிரிக்கிறவள்தான் அப்போது.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் பாதியில் போய்விட்டது. ஒரு சின்ன மேடு ஏறினாலும் அண்ணிக்கு மூச்சு வாங்கும். உட்கார்ந்தே வேலை செய்கிறவள், உடம்பு பழகவில்லை என்று நினைத்துக்கொண்டோம். சின்ன வயதில் அவள் ஊரில் ஒரு பெரிய காய்ச்சலில் கிடந்தாளாம். அதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

அண்ணன் போன விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலா இல்லாத நாட்களில் விளக்கு வைத்துப் பொடிமீன் பிடிக்கப் போவார்கள். காற்று அடித்தது. படகு காலையில் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. ஆளை ஒரு தீவுக்குப் பக்கத்தில் வேறு படகுக்காரர்கள் எடுத்தார்கள். கரையில் கிடத்தியபோது தங்கச்சி நான் மண்ணில் விழுந்து கத்தினேன். அண்ணி கத்தவில்லை. அவன் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது. அதைப் போட்டுவிட்டாள். அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "நாளைக்கு யாரோட வலை இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் நிறுத்திவிட்டதாக வெளியே தெரியவில்லை. வலை தைத்தாள். சர்ச்சுக்கு வந்தாள். ஆனால் வீட்டுக்குள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தது. அண்ணன் இருந்தவரை தினமும் காலையில் அவன்தான் இரண்டு பல்குச்சி ஒடித்து வருவான், ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. வாசலில் நின்று இருவரும் மென்றபடி ஏரியைப் பார்ப்பார்கள். அவன் போனதும் குச்சி வரவில்லை. அவளும் போய் ஒடிக்கவில்லை. கடையில் பிரஷ் வாங்கலாம் என்று நான் சொன்னபோது, "ம்" என்றாள். வாங்கவில்லை.

சமைக்கவும் விட்டுவிட்டாள். கறுப்புத் தேநீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடிப்பாள். கூட ஒரு துண்டு மந்தாசி, எண்ணெயில் பொரித்த அந்த இனிப்பு ரொட்டி. காலைக்கும் அதுதான், மதியத்துக்கும் அதுதான். நான் உகாலி என்கிற சோளமாவுக் களியைக் கிளறி, மீன் குழம்போடு கொண்டுபோய் வைப்பேன். மறுநாள் தட்டு காலியாக இருக்கும். அவள் வீட்டுக் கோழி கொழுத்துக்கொண்டே போனதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

மழைக்காலம் வந்தபோது அவளுக்கு ஈறு வீங்க ஆரம்பித்தது. நூலைக் கடித்து அறுக்கும்போது வெள்ளை நைலானில் ரத்தம் ஒட்டும். ஒரு தடவை கன்னம் உருண்டையாக வீங்கி, அதுவே உடைந்து வடிந்தது. பக்கத்து வீட்டுக்காரி மூக்குப்பொடியைப் பல்லில் அடைக்கச் சொன்னாள். அடைத்துக்கொண்டாள்.

"வலிக்குதா அண்ணி?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "வலிக்குதுன்னுதான் நினைக்கிறேன்" என்றாள், யாரோ வேறு ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல.

காய்ச்சல் அதற்குப் பிறகு வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. சாயங்காலமானால் உடம்பு சுடும், குளிரும், விடியும்போது துணி வேர்வையில் நனைந்திருக்கும். பகலில் எழுந்து வலை தைப்பாள். மருந்துக்கடையில் மலேரியா மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் குறைந்தது போலிருந்தது, திரும்பி வந்தது. அடுத்து டைபாய்டு என்று வேறு மாத்திரை. அதிலும் அப்படியே. ஆள் இளைத்தாள். கழுத்தெலும்பு தூக்கிக்கொண்டு நின்றது. தோளில் போட்ட துணி வழுக்கி வழுக்கி விழுந்தது.

அப்போதுதான் கரையில் அந்தப் பேச்சு கிளம்பியது. மீன் காயவைக்கும் பாறையில் பெண்கள் உட்கார்ந்து பேசுவதை நானும் கேட்டிருக்கிறேன்.

"கொடுத்து வெச்சவன் லுஷிங்கே. என் புருஷன் போனா நான் மறுநாளே மீன் விக்கப் போயிடுவேன்."

"மறுநாள் எதுக்குக் காத்திருக்கப் போற? அன்னிக்கு சாயங்காலமே போயிடுவ நீ."

"போனா என்ன தப்பு? பிடிச்ச மீனு நாறிப் போகாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி பெருமூச்சு விட்டு, "மிலெம்பே மாதிரி ஒருத்தி நம்ம காலத்துல இருக்கான்னு பேசிக்கலாம்" என்றாள்.

அவர்கள் அண்ணியின் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனார்கள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாரும் ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. துக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் என்ன வைத்தியம் செய்வார்கள்? ஞாயிற்றுக்கிழமை நிகோதேமு குழுவோடு அந்தப் பாட்டைப் பாடினார். தண்ணீருக்குள் போனவனைத் தேடி அவன் மனைவியின் இருதயம் நடந்து போகிறது என்று வரும். நல்ல மெட்டு. பலர் அழுதார்கள். அண்ணி முதல் வரிசையில் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். வெளியே வந்ததும் நிகோதேமு ஓடி வந்து, "எப்படி இருந்துச்சும்மா பாட்டு?" என்றார்.

"கொஞ்சம் நீளம்" என்றாள் அண்ணி.

ஒருநாள் மதியம் நான் போனபோது வலை ஊசி கீழே கிடந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்று வந்துகொண்டிருந்தது. கையைப் பிடித்தேன். விரல் நுனியில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். நகத்துக்கு அடியில் கறுப்பாக, முள் ஏறினது போல் கோடு கோடாக இருந்தது.

"இது என்ன அண்ணி?"

"ஊசி குத்தியிருக்கும்."

"பத்து விரல்லயுமா குத்தும்?"

நான் ஒரு வண்டியைப் பிடித்து, கேட்காமலே அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். தூக்குவதற்குக் கனமே இல்லை.

சுகாதார நிலையத்தில் அன்று இருந்தவர் டாக்டர் கைஜாகே. புகோபா ஊர்ப் பக்கத்துப் பெண், எங்களைவிட வயது குறைந்தவர், அதிகம் பேசாதவர். நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். பக்கவாட்டில் படுக்கச் சொல்லி மறுபடி கேட்டார். விரல்களைப் பார்த்தார். பிறகு, "சின்ன வயசுல முட்டி, கணுக்காலெல்லாம் வீங்கிப் படுத்திருந்தீங்களா?" என்றார்.

அண்ணி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா. தொண்டை வலி வந்து, அப்புறம் முட்டி வீங்குச்சு. ஒரு முட்டி சரியானா இன்னொண்ணு வீங்கும். நடக்க முடியல. மாமா தோள்ல தூக்கிட்டுப் போனாரு."

"யாரும் நெஞ்சைப் பாக்கலியா?"

"முட்டிதானே வலிச்சுது."

டாக்டர் தலையாட்டினார். "வாயைத் திறங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "மூச்சு விட முடியலன்னு கூட்டிட்டு வந்திருக்கேன். நீங்க பல்லைப் பாக்கறீங்க?"

"ரெண்டுலயும் ஓடறது ஒரே ரத்தம்தான்மா" என்றார் அவர். அண்ணி வாயைத் திறந்தாள். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன், எனக்கே நாற்றம் வந்தது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். பின்பற்களில் பாதி வேராகத்தான் நின்றது. ஈறை ஒரு குச்சியால் தொட்டதும் ரத்தமும் சீழும் வந்தது. அண்ணி முகத்தைச் சுளிக்கவில்லை.

அவர் எங்களுக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார். அந்தச் சின்ன வயதுக் காய்ச்சலில் இருதயத்துக்குள் இருக்கும் ஒரு வால்வு கெட்டிருக்கிறது. கெட்டாலும் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. இப்போது ஈறு அழுகி, அதில் இருந்த கிருமி ரத்தத்துக்குள் இறங்கியிருக்கிறது. எல்லோருடைய வாயிலும் அந்தக் கிருமி உண்டு. மென்றாலே கொஞ்சம் இறங்கும், நல்ல இருதயத்தில் தங்காமல் போய்விடும். இவளுடைய வால்வு சொரசொரப்பாக இருந்ததால் அதில் ஒட்டிக்கொண்டு வளர்ந்துவிட்டது. காய்ச்சல் அங்கிருந்துதான் வருகிறது. விரலில் தெரிவது அங்கிருந்து உடைந்து வந்த தூள்கள். தூள் மூளைக்குப் போயிருந்தால் கைகால் விழுந்திருக்கும்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "அப்போ துக்கத்தால இல்லையா?" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். என்ன துக்கம் என்று நான் சொன்னேன். அவர், "துக்கம் இருக்கும். அதை நான் இல்லன்னு சொல்லல. ஆனா இந்தக் காய்ச்சல் பல்லால வந்தது" என்றார்.

"பல்லால" என்று அண்ணி ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்கே முவான்சா நகரத்தில் மலைமேல் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுத்து, அதில் கிருமியை வளர்த்துப் பார்த்து, டாக்டர் சொன்னதுதான் என்றார்கள். வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். நான் மீன் காயவைப்பதை அக்கம்பக்கத்தில் ஒப்படைத்துவிட்டு அவளோடு இருந்தேன். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பேன். ஜன்னல் வழியாக ஏரி தெரியும். அவள் கட்டிலை அந்தப் பக்கம் திருப்பிப் போடலாமா என்று நர்ஸ் கேட்டாள். "எந்தப் பக்கம் இருந்தாலும் சரி" என்றாள் அண்ணி.

மருந்து ஏறி, காய்ச்சல் விட்ட பிறகு பல் பிடுங்கினார்கள். ஒரே நாளில் முடியவில்லை, சில நாள் இடைவெளி விட்டு விட்டுச் செய்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கன்னத்தில் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்தவள், வார்டுக்கு நடக்கும்போது வாய் கோணலாகச் சொன்னாள்: "ஊசி போட்டுட்டு, மரத்துப் போச்சான்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"எதுன்னு கேட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

முன்பல் இரண்டையும் காப்பாற்றப் பார்த்தார்கள். நூல் அறுத்த பள்ளம் ஆழமாகப் போய் வேர் வரை கெட்டிருந்தது. அவற்றையும் எடுத்துவிட்டார்கள். அன்று மதியம் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள்.

"கபூலா, நான் அவருக்காக ஒண்ணுமே ஆகலியாடி?"

"என்ன அண்ணி இது?"

"அழல. சாப்பிடாம இருந்தேன், அது பசிக்காததால. காய்ச்சல் வந்துச்சு, சரி, இதாவது அவருக்காக வந்துச்சேன்னு இருந்தேன். அதுவும் பல்லாம்."

செத்தவன் எனக்கு அண்ணன். அவளுக்காக அழுவதா, அவனுக்காகவா என்று கூடத் தெரியாமல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பல்லு விளக்காம விட்டது எதனாலயாம்?" என்று கேட்டேன் கடைசியில்.

அவள் அதை யோசித்தாள். யோசித்துவிட்டு, "கஞ்சி ஆறிப் போச்சு" என்றாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர்கள் சொன்னார்கள்: கிருமி போய்விட்டது, வால்வு கசிகிறது. இப்போதைக்கு மாத்திரையில் ஓட்டலாம். பிறகு தார் எஸ் சலாமில் அறுவை சிகிச்சை தேவைப்படலாம், பார்க்கலாம். பழைய காய்ச்சல் திரும்பாமல் இருக்க மாதாமாதம் ஊசி. கனம் தூக்கக் கூடாது. மிச்சமிருக்கும் பல்லைக் காலையும் இரவும் விளக்க வேண்டும், பல்லில் யார் கை வைப்பதாக இருந்தாலும் முதலில் நெஞ்சைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எதையும் மறக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை காலையில் பிரஷ்ஷை எடுத்தால், அடுப்பு ஊதுகிற மாதிரி, பாத்திரம் தேய்க்கிற மாதிரி, ஒரு வேலையாக அதைச் செய்துவிட்டு வைப்பாள். உயிர் மேல் ஆசையா என்று கேட்டால் தெரியாது. சொன்னார்கள், செய்கிறாள்.

கரைக்குத் திரும்பி வந்த நாளில் எல்லோரும் கூடினார்கள். என்ன வியாதி என்று கேட்டார்கள். மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று நான் சொன்னேன்.

"பல்லா?" என்றாள் பாறையில் மீன் காயவைக்கும் ஒருத்தி.

"பல்லுதான்."

"அப்போ லுஷிங்கே?"

"அவன் வேற."

அவர்களுக்கு ஏமாற்றமாகிவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிழைத்து வந்ததில் சந்தோஷம்தான். ஆனாலும் அவர்கள் கையிலிருந்து எதையோ நாங்கள் பிடுங்கிக்கொண்டது போல் நின்றார்கள். கஞ்சி வருவது மெல்ல நின்றது. நிகோதேமு அந்தப் பாட்டை அப்புறம் பாடவில்லை. மெட்டு வீணாகக் கூடாதென்று வார்த்தையை மாற்றி, யோனா மீன் வயிற்றுக்குள் போன கதைக்கு வைத்துக்கொண்டார். சிலர் நாசூக்காகத் தங்கள் ஈறைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அந்த மாதத்தில் சுகாதார நிலையத்துக்குப் பல் காட்டப் போனவர்கள் அதிகம் என்று டாக்டர் கைஜாகே சொன்னார். எத்தனை பேர் பிறகும் போனார்கள் என்று எனக்குத் தெரியாது.

அண்ணி மறுபடி வலை தைக்க உட்கார்ந்தாள். நூலை இப்போது பிளேடால் அறுக்கிறாள். வேலை முன்னைவிட மெதுவாகத்தான் போகிறது. அவசரக்காரர்கள் வேறு ஆளிடம் போனார்கள். அவள் கவலைப்படவில்லை.

அடுத்த மழையில்லாத பருவத்தில் காயென்சேயிலிருந்து மதுஹு என்பவர் வந்தார். வலையும் மிதவையும் விற்கிறவர், மனைவி இறந்து பல வருஷம் ஆனவர், தலை நரைத்தவர். இரண்டு மூன்று தடவை வலையோடு வந்தார். பிறகு வலையில்லாமல் வந்தார். ஒருநாள் நான் அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டார்.

"நான் தனியா இருக்கேன். நீங்களும் தனியா இருக்கீங்க. எங்க வீட்டுக்கு வந்துடறீங்களா?"

அண்ணி முடிச்சைப் போட்டு முடித்தாள். "எனக்கு நெஞ்சுல வால்வு கசியுது. கனம் தூக்க மாட்டேன். குழந்தை பெக்க மாட்டேன். வாயில பாதி பல்லு கிடையாது."

"எனக்கும்தான் பாதி இல்ல" என்றார் அவர், வாயைத் திறந்து காட்டி. "ரெண்டு பேருதையும் சேத்தா ஒரு ஆளுக்கு ஆகும்."

"சரி" என்றாள் அண்ணி.

பேச்சு அவ்வளவுதான். எனக்கு வெங்காயத்தால் கண்ணில் நீர் வந்தது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். என் அண்ணன் வீட்டிலிருந்து அவள் போகிறாள் என்பது உறுத்தியது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகு அதுவும் அடங்கிப் போனது. அவன் போய் எவ்வளவு நாளாகிவிட்டது, எனக்கே அவன் குரல் சரியாக நினைவுக்கு வருவதில்லை.

கரையில் பேசினார்கள். ஒருகாலத்தில் பாட்டு கட்டியது யாருக்கு, பார்த்தீர்களா என்றார்கள். நிகோதேமுவே கல்யாணத்துக்கு வந்து பாடினார், வேறு பாட்டு. அண்ணி புதுத் துணி கட்டியிருந்தாள். இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டி, பொறுமையாக மென்று சாப்பிட்டாள்.

சில மாதம் கழித்து காயென்சேக்குப் போய்ப் பார்த்தேன். சதை போட்டிருந்தாள். மதுஹு ஊசி போடுகிற தேதியில் அவளை மறக்காமல் கூட்டிப் போகிறாராம். மீன் பொரித்து, முள்ளெடுத்து எனக்கு வைத்தாள். அவர் வெளியே மிதவைகளுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். தனியாக இருந்தபோது கேட்டேன்.

"சந்தோஷமா இருக்கீங்களா அண்ணி?"

அவள் அந்தக் கேள்வியை இடதும் வலதுமாகத் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது.

"காய்ச்சல் இல்ல" என்றாள்.

பிறகு என் தட்டில் இன்னும் கொஞ்சம் உகாலி வைத்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னாள்.